பந்தயத் தடத்திற்குப் புறப்படுமுன்

கடனில் வாங்கிய காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பழக வாடிக்கையாளர்கள் சிலர் விரும்புகின்றனர். நெடுஞ்சாலையில் சீறிப் பாய்வதைவிட இது எவ்வளவோ மேல். 2011-இல் ஃபார்முலா ஒன் பந்தயம் நடைபெற்ற கிரேட்டர் நொய்டாவின் புத் தடம் 5 கி.மீ.க்கும் சற்றுக் கூடுதல் நீளமுடையது. வேகத்திற்கு அங்கே இடமுண்டு.

ஆனால் காப்பீட்டுப் பத்திரத்தில் பயன்பாட்டு வரம்பு என்றொரு பகுதி உண்டு. நம்மில் பெரும்பாலோர் அதைப் படிப்பதில்லை. பந்தயமும் வேகச் சோதனையும் வழக்கமான வாகனக் காப்பீட்டில் அடங்கா. பயிற்சி ஓட்டத்தையும் நிறுவனம் அவ்வகையில் சேர்க்கக்கூடும். தடுப்புச் சுவரில் மோதினால் பழுதுச் செலவு நம் தலையில் விழும்; மாதத் தவணையும் நில்லாது.

ஆகவே, முதல் நாள் பயிற்சிப் பள்ளியின் காரிலேயே அமைவது நன்று. அங்கும் சேதத்திற்கு யார், எவ்வளவு பொறுப்பு என்பதைக் கையொப்பமிடுமுன் எழுத்தில் பெறுக. சொந்தக் காராயின் பிரேக் எண்ணெயைப் புதிதாக மாற்றுக. ஈரம் உறிஞ்சிய பழைய எண்ணெய் வெப்பத்தில் கொதித்து, மிதித்தாலும் பிரேக் பிடிக்காமற் போகும்.