யார் கையில் அரிவாள்?

2016 ஜூன் 24 காலை, நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் வேலைக்குப் போகக் காத்திருந்த இளம்பெண்ணை ஒருவன் அரிவாளால் வெட்டிச் சாய்த்துவிட்டுத் தப்பிப் போனான். 2022 அக்டோபர் 13 அன்று பரங்கிமலை நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவியை, வந்துகொண்டிருந்த ரயிலின் முன் ஒருவன் தள்ளிவிட்டான். கடற்கரை - தாம்பரம் தடத்தில் பெண்பிள்ளைகளை அனுப்பிவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு இந்த இரண்டு நாட்களும் மறக்காது. ஒவ்வொரு முறையும் ஒரே பேச்சு எழுகிறது: சுற்றி நின்றவர்களில் ஒருத்தர் கையிலாவது ஒரு துப்பாக்கி இருந்திருந்தால்? அந்தக் கோபம் நியாயமானது. அதிலிருந்து பிறக்கும் முடிவுதான் தவறு. பரங்கிமலையில் நடந்தது ஒரே ஒரு தள்ளல். எந்தத் துப்பாக்கியும் அதற்குள் உறையிலிருந்து வெளியே வந்திருக்காது.

அரிவாள் தூக்கியவன் விஷயத்திலும் கணக்கு அவ்வளவு எளிதல்ல. மாலை ஆறரை மணிக்குத் தாம்பரம் நடைமேடையை நினைத்துப் பாருங்கள். அலறல் கேட்டு நூறு பேர் ஓட, மின்ரயிலிலிருந்து இறங்கும் கூட்டம் எதிரே வருகிறது. நடுவில் இரண்டு பேர் கட்டிப் புரள்கிறார்கள். அரிவாள் ஒருவர் கையில். வெட்ட வந்தவனா, அதைப் பிடுங்கியவரா? அந்த நொடியில் வந்து சேர்ந்தவருக்கு எப்படித் தெரியும்? 2011 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் டூசான் நகரில் இதேதான் நடந்தது. ஆறு பேரைக் கொன்ற துப்பாக்கிச்சூட்டின்போது, பக்கத்துக் கடையிலிருந்து ஒருவர் தன் துப்பாக்கியில் கை வைத்தபடி ஓடிவந்தார். கையில் ஆயுதத்தோடு நின்ற ஒருவரைக் கண்டு, இவன்தான் என்று நினைத்தார். உண்மையில் அவர் கொலையாளியிடமிருந்து அதைப் பறித்தவர். ஓடிவந்தவர் சுடாமல் விட்டது பெரும் அதிர்ஷ்டம். கொலையாளியை ஏற்கெனவே கீழே தள்ளி அமுக்கியிருந்தவர்கள் ஆயுதம் ஏதுமின்றித்தான் அவன்மீது பாய்ந்திருந்தார்கள்.

காப்பாற்ற வந்தவரே பலியாவதும் உண்டு. 2021 ஜூனில் கொலராடோவின் அர்வாடாவில் கொலையாளியைச் சுட்டு வீழ்த்திய வழிப்போக்கரை, பிறகு வந்த போலீஸ்காரர் கொலையாளி என்று நினைத்துச் சுட்டுக் கொன்றார். 2023 நவம்பர் 30 அன்று எருசலேம் பேருந்து நிறுத்தத்தில் தாக்குதல்காரர்களைச் சுட்ட ஒருவர், துப்பாக்கியை வீசிவிட்டுக் கைகளை உயர்த்திய பிறகும் ஒரு ராணுவ வீரரின் குண்டுக்கு இரையானார். 2022 ஜூலையில் இண்டியானாவின் கிரீன்வுட் வணிக வளாகத்தில் 22 வயது இளைஞர் ஒருவர் கொலையாளியைச் சுட்டுப் பல உயிர்களைக் காத்தாரே என்று கேட்கலாம். காத்தார், மறுக்கவில்லை. ஆனால் அங்கே எதிரி யார் என்பதில் குழப்பமில்லை. அவர் குறியும் தப்பவில்லை. இரண்டும் ஒருசேர அமைவதை நம்பி ஊருக்கெல்லாம் ஆயுதம் கொடுக்க முடியாது.

நம் ஊரில் துப்பாக்கி எங்கே என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்றவர்கள் சிலரே. ஆனால் கட்டைக்கும் கல்லுக்கும் உரிமம் தேவையில்லை. 2018 மே மாதம் போளூர் அருகே அத்திமூரில், கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த குடும்பத்தைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று நினைத்து ஊரே திரண்டு அடித்தது. சென்னையிலிருந்து போயிருந்த ஒரு மூதாட்டி இறந்தார். அடித்தவர்களில் பலர் குழந்தைகளைக் காப்பாற்றுவதாகவே நம்பியிருப்பார்கள். என்னை அச்சுறுத்துவது அந்த நம்பிக்கைதான்.

பிறரைக் காக்கத் திருப்பித் தாக்கும் உரிமையைச் சட்டமே தருகிறதே என்பார்கள். ஆம், பாரதிய நியாய சன்ஹிதாவின் 35ஆம் பிரிவு அறியாத மனிதரின் உயிரைக் காக்கவும் இடமளிக்கிறது. 44ஆம் பிரிவு தரும் உதாரணமோ இன்னும் கடினமானது: கொல்ல வரும் கும்பலிடமிருந்து தப்ப வேறு வழியின்றிச் சுட்டவர், கூட்டத்தில் கலந்திருந்த குழந்தைகளைக் காயப்படுத்தினாலும் குற்றவாளி அல்ல. சுட்டவருக்கு விடுதலை கிடைத்துவிடும். குண்டு பட்ட குழந்தைக்கு?

அப்படியானால் கைகட்டி நிற்பதா? இல்லை. 2018 மார்ச் 9 அன்று கே.கே. நகரில் கல்லூரி வாசலில் மாணவியைக் குத்தியவனை வழிப்போக்கர்கள்தான் பிடித்தார்கள். பிடித்தது சரி, பிடித்த பிறகு அடித்து நொறுக்கியது தேவையற்றது. கண்முன் கொடுங்குற்றம் செய்தவரைப் பிடிக்க யாருக்கும் அதிகாரமுண்டு. தாமதமின்றி, அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம். நாலு பேர் சேர்ந்து கத்தலாம், பையை வீசலாம், தாக்கப்படும் பெண்ணை இழுத்து விலக்கலாம். ஒருவர் 112க்கு அழைத்து எந்த நிலையம், எத்தனையாவது நடைமேடை என்று சொல்லட்டும். இன்னொருவர் ரத்தம் கொட்டும் இடத்தைத் துப்பட்டாவால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கட்டும்.