அணுகுண்டுப் புகையும் நம்ம கண்மாயும்

2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் நாலு நாள் மோதிக்கொண்டபோது, 'சண்டை வடக்கேதானே, காரைக்குடிக்கு என்ன?' என்ற பேச்சும் இருந்தது. குண்டு விழுவது வடக்கேயானாலும் புகைக்கு எல்லைக்கோடு கிடையாது.

'அணுக் குளிர்காலம்' என்ற பெயரை 1983ல் கார்ல் சேகன் உள்ளிட்ட ஐந்து விஞ்ஞானிகள் பரப்பினார்கள். பலர் நினைப்பதுபோல இது கதிர்வீச்சால் வருவதில்லை, நகரங்கள் எரிவதால் வருவது. தார், பிளாஸ்டிக், பெட்ரோல் எல்லாம் ஒண்ணா எரியும்போது கரும்புகை கிளம்பும். நம்ம ஊரில் வைக்கோல் படப்பு எரிந்தால் அந்தப் புகையைக் காற்றும் மழையும் கரைத்துவிடும். ஆனா இந்தக் கரி வெயிலை உறிஞ்சிச் சூடாகி, தானே மேலே மேலே ஏறும். மழை மேகம் எட்டாத உயரத்துக்குப் போயிட்டா அதைக் கழுவி இறக்க ஆளில்லை. வருடக்கணக்கில் வெயிலை மறைக்கும்.

இந்தியாவும் பாகிஸ்தானும் ஆளுக்கு 50 என ஹிரோஷிமா அளவுக் குண்டுகளைப் போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்று 2007ல் ஆலன் ரோபாக் குழு கணக்கிட்டது. 50 லட்சம் டன் கரி மேலே போகும், உலகச் சராசரி வெப்பம் சுமார் 1.25 டிகிரி இறங்கும், பாதிப்பு பத்து வருடம் வரை நீளும் என்றார்கள். 'நம்ம வெயிலுக்கு நல்லதுதானே' என்று சிவகங்கைச் சீமைக்காரர் சிரிக்கலாம். சிக்கல் மழையில் இருக்கிறது. தரை சூடேறிக் கடல்காற்றை இழுப்பதால்தான் தென்மேற்குப் பருவமழை வருகிறது. கடலைவிடத் தரை சீக்கிரம் ஆறும், இழுப்பு குறையும். பெரியாற்றிலிருந்து வைகைக்கு வருவது அந்த மழைத் தண்ணீர்தான். ஒரு பருவம் தப்பினாலே நம்ம கண்மாய் என்ன ஆகும் என்பது புழுதியில் விதைக்கிறவருக்குத் தெரியும்.

இதை மறுப்பவர்களும் உண்டு. 1991ல் குவைத் எண்ணெய்க் கிணறுகள் எரிந்தபோது ஆசியாவின் மழையே கெடும் என்று சேகன் எச்சரித்தார். அப்படி நடக்கவில்லை, புகை அவ்வளவு உயரம் ஏறவில்லை. 2018ல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தினரும் கரி அதிகம் மேலே போகாது என்றார்கள். ஆனால் 2019-20 ஆஸ்திரேலியக் காட்டுத்தீயின் புகை 30 கி.மீ.க்கும் மேலே ஏறியது. வழக்கு இன்னும் முடியவில்லை. என் கணிப்பில், பாதி உண்மையானாலே போதும், நாம் தாங்க மாட்டோம்.

ஏன்னா, பசி வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை. செட்டிநாட்டுக்கு இது புதுசும் இல்லை. நகரத்தார் கடன் கொடுத்துப் பர்மாவில் விளைந்த நெல், அரிசியாகக் கப்பலேறித் தமிழ்நாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. 1942ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அது நின்றது. தட்டுப்பாடு, ரேஷன். 1943 வங்காளப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் மாண்டதற்குப் பல காரணங்கள். பர்மா அரிசி நின்றதும் ஒன்று. அப்போது வானத்தில் கரியே இல்லை.

அணுப்போர் வந்தால் கப்பலும் நிற்கும். பொட்டாஷ் உரம் அநேகமாக முழுதும் வெளிநாட்டிலிருந்து வருவது. யூரியா தயாரிக்க வேண்டிய எரிவாயுவிலும் பெரும்பகுதி அப்படித்தான். நம்ம தொழுவமும் எருக்குழியும் அப்போதும் இருக்கும். ஆனா இயற்கை விவசாயிக்கென்று தனியாக மழை பெய்யாது, அதையும் சொல்லிடணும்.

விதைதான் நம் கையில் இருப்பது. வறட்சி தாங்கும் நொறுங்கன், சித்திரைக்கார் நெல்லை வருடாவருடம் கொஞ்ச இடத்திலாவது விதைத்துப் புதுப்பிக்கணும். வரகு நெடுநாள் தாங்கும். கோபுரக் கலசத்தில் வரகு வைப்பது நமக்குத் தெரிந்ததுதானே. ஒரு போகம் பொய்த்தாலும் மறுபடி விதைக்க மிச்சம் இருக்கிற அளவுக்குச் சேர்த்து, ஒரே வீட்டில் வைக்காமல் ரெண்டு மூணு ஊரில் பிரித்து வையுங்கள்.