கிறிஸ்துமஸ் தேதி பிறந்த கதை

ஏசுநாதர் பிறந்த தேதி எது?

"டிசம்பர் 25" என்று சின்னக் குழந்தை கூடச் சொல்லிவிடும். ஆனால் பைபிளைப் புரட்டிப் பாருங்கள். அதில் தேதி இல்லை! மாதமும் இல்லை!

மத்தேயு, லூக்கா ஆகிய இருவரும் ஏசுவின் பிறப்பைப் பற்றி எழுதி இருக்கிறார்கள். பெத்லகேம் என்று ஊரைச் சொல்கிறார்கள். குழந்தையை மாட்டுத் தீவனத் தொட்டியில் கிடத்தியதையும், இரவில் வயல்வெளியில் ஆடு காத்த மேய்ப்பர்களையும் லூக்கா சொல்கிறார். தேதியை மட்டும் இருவருமே சொல்லவில்லை.

பிறகு இந்தத் தேதி எங்கிருந்து வந்தது? அது ஒரு பெரிய கதை. அதில் ரோமாபுரி வருகிறது. சூரியன் வருகிறான். கடைசியில் ஒரு அடிதடியும் வருகிறது!

பாவிகளின் வழக்கம்

ஆதி கிறிஸ்தவர்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடியதாகத் தெரியவில்லை. ஏசு சிலுவையில் மரித்து, மீண்டும் உயிர்த்து எழுந்த நாளையே அவர்கள் பெரிதாக நினைத்தார்கள்.

3-ம் நூற்றாண்டில் ஓரிஜன் என்று ஒரு பெரிய கிறிஸ்தவ அறிஞர் இருந்தார். பைபிளில் பிறந்த நாள் கொண்டாடியவர்கள் பாரோ மன்னன், ஏரோது மன்னன் போன்ற பாவிகளே என்று அவர் பிரசங்கம் செய்தார். பிறந்த நாள் விருந்து என்பதே அவருக்குப் பிடிக்கவில்லை!

ஒரே புத்தகம், இரண்டு பிறந்த நாள்

கி.பி. 354-ல் ரோமாபுரியில் ஒரு பணக்காரருக்காகப் பஞ்சாங்கம் போன்ற புத்தகம் ஒன்று தயார் செய்தார்கள். அதில் இருக்கும் ஒரு பட்டியல் 336-ம் ஆண்டில் எழுதப்பட்டது என்பது ஆராய்ச்சியாளர்களின் கணக்கு. டிசம்பர் 25-ந் தேதி பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார் என்று அந்தப் பட்டியல் சொல்கிறது. டிசம்பர் 25-க்குக் கிறிஸ்தவர்கள் பக்கத்தில் கிடைத்துள்ள பழைய சான்று இதுதான்.

வேடிக்கை என்னவென்றால், அதே புத்தகத்தில் வேறொரு பக்கத்தில் அதே தேதிக்கு இன்னொரு பிறந்த நாளும் இருக்கிறது. அது "வெல்ல முடியாதவன்" பிறந்த நாள். அன்று 30 தேர்ப் பந்தயங்கள் நடக்கும் என்றும் எழுதி இருக்கிறது.

யார் இந்த வெல்ல முடியாதவன்? ரோமாபுரி மக்கள் கும்பிட்ட சூரியன்தான் என்று சொல்கிறார்கள். 274-ல் அரேலியன் என்ற சக்கரவர்த்தி இந்தச் சூரியனுக்குப் பெரிய கோவில் கட்டினான். குளிர் காலத்தில் பகல் நாளுக்கு நாள் குறுகிக்கொண்டே போகும். ஒரு நாள் அது நின்று, மறுபடி வளரத் தொடங்கும். நாம் உத்தராயணம் என்கிறோமே, அதுதான். ரோமாபுரிக் காலண்டரில் அந்த நாள் டிசம்பர் 25.

அப்படியானால், சூரியனின் பிறந்த நாளைத்தான் ஏசுவுக்குக் கொடுத்துவிட்டார்களா? பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். கேட்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு சிக்கல். சூரியனுக்கு அந்தத் தேதியில் பிறந்த நாள் இருந்ததற்கும் இதே புத்தகம்தான் பழைய சான்று! யார் யாரிடம் வாங்கினார்கள் என்று இதை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

வேறு ஒரு கணக்கும் உண்டு. ஏசு சிலுவையில் மரித்தது மார்ச் 25 என்று பலர் நம்பினார்கள். தாய் வயிற்றில் அவர் கருவானதும் அதே தேதிதான் என்று நினைத்தார்கள். மார்ச் 25-ல் இருந்து 9 மாதம் எண்ணுங்கள். டிசம்பர் 25 வரும்!

கிழக்கு நாடுகளில் ஜனவரி 6-ந் தேதியைக் கொண்டாடினார்கள். ஆர்மீனியர்கள் இன்றும் அதை விடவில்லை. ஏசு பிறந்த பெத்லகேமிலேயே இன்று மூன்று கிறிஸ்துமஸ்! டிசம்பர் 25 ஒன்று. பழைய காலண்டர்படி ஜனவரி 7 ஒன்று. அங்குள்ள ஆர்மீனியர்களுக்கு ஜனவரி 19.

எஜமானன் பரிமாறுவான்

டிசம்பர் 17-ந் தேதி தொடங்கிச் சில நாட்கள் ரோமாபுரியில் ஒரே கும்மாளமாக இருக்கும். அது சாட்டர்ன் என்ற தெய்வத்தின் விழா. கோர்ட்டு கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது. சூதாடினால் யாரும் கேட்க மாட்டார்கள். அடிமைகள் உட்கார்ந்து சாப்பிட, எஜமானர்கள் பரிமாறும் வீடுகளும் உண்டு! மெழுகுவர்த்தியும் மண் பொம்மையும் பரிசாகக் கொடுத்துக்கொள்வார்கள்.

பரிசு, விருந்து, மெழுகுவர்த்தி! கிறிஸ்துமஸ் வாடை அடிக்கிறது அல்லவா? விழா வேறு ஆனாலும், பழைய பழக்கத்தை ஜனங்கள் எளிதில் விடுவார்களா? 5-ம் நூற்றாண்டில் போப்பாண்டவர் லியோ கிறிஸ்துமஸ் அன்று செய்த பிரசங்கத்தில், தமது கிறிஸ்தவர்களையே கண்டித்தார். புனித பேதுரு ஆலயத்தின் படிகளில் ஏறிய பிறகு, அவர்கள் திரும்பி நின்று உதய சூரியனைப் பார்த்துக் குனிந்து வணங்கினார்களாம்!

601-ல் போப்பாண்டவர் கிரிகோரி வேறு வழி சொன்னார். இங்கிலாந்துக்குப் போன பாதிரியார்களுக்குக் கடிதம் எழுதினார். பழைய கோவில்களை இடிக்க வேண்டாம், உள்ளே உள்ள விக்கிரகங்களை மட்டும் எடுங்கள், ஜனங்கள் மாடு வெட்டி விருந்து சாப்பிடும் வழக்கத்தைச் சபையின் திருநாளில் வைத்துக்கொள்ளட்டும் என்றார். கெட்டிக்காரர்!

கிறிஸ்துமஸ் மரமும் பழைய மர வழிபாடுதான் என்று சொல்கிறவர்கள் உண்டு. அதற்குச் சரியான ஆதாரம் இல்லை. 1605-ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் வீட்டுக்குள் மரம் வைத்து, காகித ரோஜாவும் ஆப்பிளும் தொங்கவிட்டதாக ஒரு குறிப்பு இருக்கிறது. அந்த வழக்கம் ஜெர்மன் மொழி பேசும் ஊர்களில் இருந்து பரவியது.

கிறிஸ்துமஸுக்குத் தடை!

இது வேற்று மதத்தாரின் விழா என்று உரக்கச் சொன்னவர்கள் யார் தெரியுமா? கண்டிப்பான கிறிஸ்தவர்களே! இங்கிலாந்தில் அவர்களுக்குப் பியூரிட்டன்கள் என்று பெயர். பைபிளில் இல்லாத நாளைக் கொண்டாடக் கூடாது என்றார்கள். ஆட்சி அவர்கள் கைக்கு வந்தது. 1647 ஜூன் மாதம் பார்லிமெண்டு கிறிஸ்துமஸை ரத்து செய்தது. (குரோம்வெல் தடை செய்தார் என்று பலர் சொல்வார்கள். அவர் நாட்டை ஆள வந்தது 1653-ல்தான்.)

அந்த டிசம்பர் 25-ந் தேதி காண்டர்பரி நகரில் வழக்கம்போல் சந்தை கூட வேண்டும் என்று மேயர் உத்தரவு போட்டார். திறந்தவை சில கடைகள்தான். கூட்டம் கூடியது. கடையை மூடச் சொன்னது. கடைக்காரர்கள் கேட்கவில்லை. சரக்குகள் தெருவில் பறந்தன! அடக்க வந்த அதிகாரிகளுக்கும் அடி விழுந்தது. ஜனங்கள் வீட்டு வாசல்களில் பச்சை இலைக் கொத்துகளைக் கட்டினார்கள். தெருவில் பந்து உதைத்தார்கள். வழிப்போக்கர்களுக்கு இலவசமாகக் குடிக்கக் கொடுத்தார்கள்.

கலகக்காரர்கள் மீது மறு வருஷம் வழக்கு நடந்தது. ஜூரிகள் குற்றம் சாட்ட மறுத்துவிட்டார்கள்! அதில் மூண்ட கோபம் அந்த ஜில்லா முழுவதும் பரவி, பெரிய கிளர்ச்சியாக வெடித்தது. 1660-ல் மன்னர் இரண்டாம் சார்லஸ் திரும்பி வந்தார். கிறிஸ்துமஸும் திரும்பி வந்தது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பகுதியில் 1659 முதல் 1681 வரை, கிறிஸ்துமஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம்!

ஸ்காட்லாந்துக்காரர்கள் இன்னும் கண்டிப்பு. அங்கே கிறிஸ்துமஸ் பொது விடுமுறை ஆனது 1958-ல்தான். அதுவரை பல வீடுகளில் அப்பா அன்றும் வேலைக்குப் போய்விட்டுத்தான் வருவார். பெரிய கொண்டாட்டம் எல்லாம் ஒரு வாரம் கழித்து, புது வருஷத்துக்குத்தான்.