சபையில் யார் எங்கே அமர்வது?

தமிழில் 'கட்சி' என்னும் சொல்லுக்குப் பக்கம், தரப்பு என்னும் பொருள்கள் உண்டு. நீதிமன்றத்தில் வழக்காடுவோரைக் கட்சிக்காரர் என்று நாம் குறிப்பிடுவதும் இப்பொருளிலேயே. சட்டம் இயற்றும் சபைகளிலோ, ஒருவர் எத்தரப்பினர் என்பது அவர் அமரும் இடத்தாலேயே கண்ணுக்குப் புலனாகிறது. நமது லோக்சபையில் இவ்விடம் எவ்வாறு வகுக்கப்படுகிறது, அதன் பயன் யாது என்பதை இங்கே சற்று ஆராய்வோம்.

பிரான்சில் 1789ஆம் ஆண்டு கூடிய தேசிய சபையில், அரசனது அதிகாரத்தை ஆதரித்தோர் தலைவருக்கு வலப்புறத்திலும், எதிர்த்தோர் இடப்புறத்திலும் கூடி அமரலாயினர். வலதுசாரி, இடதுசாரி என்று நாம் இன்று வழங்கும் சொற்களின் மூலம் இதுவே. பிரிட்டனின் காமன்ஸ் சபையோ, முன்பு தேவாலயமாக இருந்த ஒரு மண்டபத்தில் நெடுங்காலம் கூடிவந்தது. பாடகர் குழுவினர் எதிரெதிரே அமரும் முறை, அங்கே அரசாங்கத் தரப்பும் எதிர்த் தரப்பும் நேருக்கு நேர் அமரும் முறையாக நிலைபெற்றது.

லோக்சபை இவ்விரு மரபுகளையும் இணைத்துக் கொண்டது எனலாம். 2023ஆம் ஆண்டு செப்டம்பர் வரையில் அது கூடிவந்த பழைய மண்டபத்தில், 550 ஆசனங்கள் குதிரை இலாட வடிவில் ஆறு பகுதிகளாக அமைந்திருந்தன. புதிய மண்டபத்தில் 888 ஆசனங்கள் உள்ளன. மண்டபம் மாறியபோதிலும் மரபு மாறவில்லை. சபாநாயகருக்கு வலப்புறம் ஆளும் கட்சியினரும், இடப்புறம் எதிர்க்கட்சியினரும் அமர்கின்றனர். இடப்புற முன்வரிசையில் துணைச் சபாநாயகருக்கு ஓர் ஆசனமும், அதனை அடுத்து எதிர்க்கட்சித் தலைவருக்கு ஓர் ஆசனமும் உரியவை என்பது வழக்கம்.

இவ்வாறு அமர்த்தும் அதிகாரம் எவரிடம் உள்ளது? ஆளும் கட்சியிடம் அன்று. சபாநாயகர் தீர்மானிக்கும் வரிசைப்படியே அங்கத்தினர் அமர வேண்டும் என்பது சபையின் நடைமுறை விதி. அவரும் தம் விருப்பம் போல் வகுப்பதில்லை. ஐந்து அங்கத்தினர்களோ அதற்கு மேலோ உள்ள கட்சிகளுக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு வரிசையிலுள்ள ஆசனங்களின் எண்ணிக்கையைக் கட்சியின் பலத்தால் பெருக்கி, சபையின் மொத்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, முன்வரிசையில் 20 ஆசனங்களும், சபையில் 543 பேரும் இருப்பதாகக் கொள்வோம். 272 பேர் கொண்ட கட்சிக்கு 10 ஆசனங்களும், 54 பேர் கொண்ட கட்சிக்கு 2 ஆசனங்களும் கிடைக்கும். ஐவருக்கும் குறைந்த சிறு குழுவினருக்கும் சுயேச்சைகளுக்கும் சபாநாயகரே தம் யோசனைப்படி இடமளிக்கிறார். ஆகவே, முன்வரிசை முழுவதையும் பெரும்பான்மையோர் தமதாக்கிக் கொள்ள இயலாது. சிறுபான்மையோரும் வீதாசாரப்படி அங்கே முகம் காட்டுவர்.

கட்சிவாரியாக அமர்வதுதான் ஒரே வழி என்பதன்று. நார்வே, ஸ்வீடன் நாடுகளில் அங்கத்தினர் தொகுதிவாரியாக அமர்கின்றனர். ஐஸ்லாந்தில் சீட்டுக் குலுக்கி இடம் பெறுகின்றனர். எனினும், கட்சியினர் ஒருங்கே அமர்வதால் விவாதத்தின் நடுவே தலைவர்கள் தம்மவரைக் கலந்துகொள்ள முடிகிறது. ஒவ்வோர் ஆசனத்திற்கும் உரிய எண்ணைக் கொண்டு வாக்கெடுப்பும் நடைபெறுகிறது. 1957ஆம் ஆண்டு லோக்சபையில் வாக்குப்பதிவு இயந்திரம் வந்தது முதல், ஆசனம் வெறும் மரியாதைக்குரிய இடமாக மட்டும் இல்லை. அங்கத்தினரது வாக்கு பதிவாகும் இடமும் அதுவேயாயிற்று.

இனி, ஒரு நுட்பமான வினா எழுகிறது. கட்சியிலிருந்து நீக்கப்பட்டவரைத் தனியே அமர்த்திவிட்டால், அவர் அக்கட்சியைச் சேராதவர் ஆகிவிடுவாரா? தமிழ்நாட்டுச் சட்டசபையில் எழுந்த வழக்கொன்றில் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதற்கு விடையளித்தது. நீக்கப்பட்ட இரு அங்கத்தினரை, எக்கட்சியையும் சாராதவர் எனச் சபாநாயகர் முன்பு அறிவித்திருந்தார். பின்னர் அவர்கள் வேறொரு கட்சியில் சேர்ந்ததால் பதவி இழந்தனர். எக்கட்சியின் வேட்பாளராக நின்று வென்றனரோ, அக்கட்சியைச் சேர்ந்தவராகவே கட்சித் தாவல் தடைச் சட்டத்தின் கண்ணில் அவர்கள் கருதப்படுவர் என்று நீதிமன்றம் கூறி, அப்பதவியிழப்பை உறுதிசெய்தது. தனி ஆசனம் என்பது சபை நடத்தும் வசதிக்கான ஏற்பாடே. வாக்காளர் முன் நின்றபோது ஒருவர் ஏற்ற அடையாளத்தை அது அழித்துவிடாது.

மற்றொன்றும் நாம் கருதத் தக்கது. பேச விரும்பும் அங்கத்தினர் தமக்குரிய இடத்தில் எழுந்து நின்று, சபாநாயகரை நோக்கியே பேச வேண்டும் என்பது விதி. எதிரே அமர்ந்திருப்பவரை நோக்கி அவர் நேரே வாதிடுவதில்லை. அமைச்சரும், ஒற்றைக் குரலாய்க் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் சுயேச்சையும் இவ்விதிக்கு ஒருங்கே கட்டுப்பட்டவர்கள். ஆசனங்கள் பக்கங்களாகப் பிரிந்திருப்பினும், பேச்சு யாவும் ஒரே பீடத்தை நோக்கிச் செல்வதால், மாறுபட்ட கருத்துடையோர் ஒரே சபையாக இருந்து அலுவல் நடத்த முடிகிறது. அடுத்த முறை சபை நிகழ்ச்சிகளைக் கேட்கும்போது, யார் என்ன பேசினார் என்பதோடு, அவர் எங்கிருந்து பேசினார் என்பதையும் நாம் சேர்த்துக் கவனிப்போமாக.