பந்தய நாய்க்கு ஓடும் வீடு!

பயந்த பிராணியைப் பழக்குவது எப்படி?

கோடை வந்துவிட்டால் இங்கிலாந்தின் சாலைகளில் "வீட்டு வண்டி"கள் அணிவகுக்கும். வெளியே பார்த்தால் வேன். உள்ளே நுழைந்தால் வீடு! படுக்கை உண்டு, அடுப்பு உண்டு, தண்ணீர்த் தொட்டியும் உண்டு. கடற்கரையில் நிறுத்தினால் அங்கேயே சமையல், அங்கேயே தூக்கம்.

இப்படிப் புறப்படும் குடும்பங்கள் பல, நாயையும் அழைத்துச் செல்கின்றன. குட்டியிலிருந்து வளர்த்த நாய் என்றால் கவலை இல்லை. போன வாரம் வந்த நாய் என்றால்? அதுவும் பந்தயத்தில் ஓடி ஓய்ந்த நாய் என்றால்?

ஓட்டம் முடிந்தது

அந்த நாயின் பெயர் கிரேஹவுண்டு. ஒல்லி உடம்பு, நீண்ட கால். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் பாயும்! வட்டப் பாதையில் மின்சார முயலைத் துரத்தும் பந்தயம், 1926-ம் ஆண்டு மான்செஸ்டர் நகரின் பெல்வூ மைதானத்தில் பிரிட்டனுக்கு வந்தது.

சில ஆண்டுகள்தான் இந்த ஓட்டம். வேகம் குறைந்தாலும் கால் ஒடிந்தாலும் மைதானத்தில் இடம் இல்லை. இவற்றுக்கு வீடு தேடித் தரவே கிரேஹவுண்டு டிரஸ்ட் போன்ற தரும நிலையங்கள் பாடுபடுகின்றன.

ஏன் நடுங்குகிறது?

கொட்டடியிலேயே வளர்ந்த நாய் அது. மாடிப்படியைக் கண்டதில்லை. கண்ணாடிக் கதவை அறியாது. வேனின் கதவு "கடகட" என்று நகர்ந்தால் உடம்பு நடுங்கும். இரவில் கூரைமேல் மழை விழுந்தால் மூலையில் ஒடுங்கும்.

அதை அதட்டலாமா? கூடாது! இழுத்து ஏற்றலாமா? அதுவும் கூடாது! பயம் இரு மடங்காகும்.

முதலில் வேனை வீட்டு வாசலிலேயே நிறுத்த வேண்டும். கதவைத் திறந்து வைத்து, உணவை உள்ளே வைக்க வேண்டும். நாய் தானாக ஏறட்டும், தானாக இறங்கட்டும். அது படுத்துப் பழகிய போர்வையையே உள்ளே விரிக்க வேண்டும். சொந்த வாசனை தைரியம் தரும். சில நாள் கழித்து எஞ்சினை ஓட விடலாம். பிறகு தெருமுனை வரை ஒரு சவாரி. அதன் பிறகுதான் ஓர் இரவு வெளியூரில் தங்கலாம்.

ஒரு நொடி போதும்!

பெரிய ஆபத்து வேறு ஒன்று. இந்த நாயின் கழுத்து தலையைவிடப் பெரியது. சாதாரணக் கழுத்துப் பட்டை சுலபமாகக் கழன்றுவிடும். வயலில் ஒரு முயல் ஓடுகிறது, கதவு திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண் மூடித் திறப்பதற்குள் நாய் பறந்துவிடும்! ஊர் புதிது, வீட்டுக்கு வழி தெரியாது. சாலையில் லாரிகள் வேறு.

ஆகவே, இழுத்தால் இறுகும் அகலப் பட்டை வேண்டும். மார்புக் கச்சையும் சேர்த்துப் பூட்டினால் இன்னும் நல்லது. கதவைத் திறக்குமுன் வாரைக் கையில் பிடிக்க வேண்டும். பட்டையில் சொந்தக்காரர் பெயரும் விலாசமும் இருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். நாயின் தோலுக்கடியில் அடையாளச் சில்லு பதிப்பதும் 2016 முதல் இங்கிலாந்தில் கட்டாயம். வண்டி ஓடும்போது நாயைத் தக்கபடி கட்டி வைக்க வேண்டும் என்று சாலை விதி சொல்கிறது.

பூட்டிய வண்டியில் நாயைத் தனியே விடவே கூடாது. வெளியே 22 டிகிரி வெப்பம் என்றால், ஒரு மணி நேரத்தில் உள்ளே 47 டிகிரி வரை ஏறலாம். இரவிலோ எதிர்மாறு! கொழுப்பும் மயிரும் குறைந்த உடம்பு, குளிரில் விறைக்கும். அதற்கு ஒரு கம்பளிச் சட்டை தேவை.

பொறுமைக்குப் பரிசு

வாரங்கள் ஓடும். ஒரு நாள் மாலை அடுப்பில் தேநீர் கொதிக்கும். வாசலில் நின்று நடுங்கிய நாய் தானே உள்ளே ஏறும். போர்வையில் மல்லாந்து, நான்கு காலையும் மேலே தூக்கிக்கொண்டு குறட்டை விடும்!

பயம் போய்விட்டது என்பதற்கு அதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?