ஒலிபெருக்கி ஊமையானால்...

திருக்குர்ஆன் ஓதக் கேட்பதற்கும், மார்க்க அறிஞர்களின் சொற்பொழிவுகளைக் குடும்பத்தோடு அமர்ந்து செவிமடுப்பதற்கும், பிள்ளைகளின் பாடங்களுக்கும் ஒலிபெருக்கிப் பெட்டிகள் இன்று நம் இல்லங்களில் பயன்பட்டு வருகின்றன. முன்பு டேப்ரிக்கார்டர் இருந்த அலமாரித் தட்டில் இப்போது அவையே வீற்றிருக்கின்றன. நேற்று வரை நன்றாக ஒலித்த பெட்டி இன்று விளக்கும் எரியாமல் ஊமையாக நின்றுவிட்டால், நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். பெட்டியின் ஆயுள் முடிந்ததெனக் கருதிப் புதியது வாங்கப் புறப்படுகிறோம். அல்லது திருப்புளியை எடுத்துப் பெட்டியைப் பிரித்து விடுகிறோம். முன்னது நம் மார்க்கம் வெறுக்கும் வீண்விரயம். பின்னது உயிருக்கே ஊறு விளைவிக்கக் கூடியது.

இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு வழி உண்டு. மின்சாரம் சுவரிலிருந்து பெட்டி வரை வரும் பாதையை ஒவ்வொரு படியாகச் சோதித்து வருவதே அவ்வழி. கணவரோ மகனோ வெளிநாட்டில் இருக்க, இல்லப் பொறுப்பு முழுவதையும் தாமே சுமக்கும் சகோதரிகளும் இதனை எளிதில் செய்யலாம். இதற்குத் திருப்புளியே தேவையில்லை.

முதலில் ஒன்றைத் தெரிந்து கொள்ளுங்கள். பழைய ஒலிபெருக்கிகளுக்குத் தனியே ஓர் ஆம்ப்ளிஃபயர் வேண்டும். ஆக்டிவ் ஸ்பீக்கர் எனப்படும் இன்றைய பெட்டிகளிலோ ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கிறது. எனவேதான் அவற்றிற்கு நேரடியாக மின்சாரம் தேவைப்படுகிறது. இணையாக வரும் இரண்டு பெட்டிகளில் பெரும்பாலும் ஒன்றில் மட்டுமே மின்பகுதி இருக்கும். மற்றது ஒரு கம்பி வழியாக அதனிடமிருந்து ஒலியைப் பெறும். அந்த இரண்டாவது பெட்டி மட்டும் ஒலிக்கவில்லையெனில் குறை மின்சாரத்தில் இல்லை; இடைக்கம்பியைப் பாருங்கள்.

சுவரிலிருந்து தொடங்குங்கள்

பெட்டியின் பிளக்கை எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஒரு மேசை விளக்கைச் செருகிப் பாருங்கள். விளக்கு எரியவில்லையெனில் ஒலிபெருக்கியின் மீது குற்றமில்லை. டெஸ்டரில் ஒளி தெரிகிறதே என்று நம்பிவிட வேண்டாம். நியூட்ரல் கம்பி அறுந்திருந்தாலும் டெஸ்டர் ஒளிரும், கருவியோ இயங்காது. விளக்கே நம்பத்தகுந்த சாட்சி.

அடுத்து, மின்கம்பி பெட்டியின் பின்புறத்தில் இறுகப் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள். கழற்றி மாட்டக்கூடிய கம்பியாயின், அதே வகையைச் சேர்ந்த வேறொரு நல்ல கம்பியை மாட்டிப் பார்ப்பது நலம்.

பெட்டி உறங்குகிறதா?

மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு, சிறிது நேரம் ஒலி வராவிடில் தாமாகவே உறங்கிவிடும்படிப் பல பெட்டிகள் அமைக்கப்பட்டுள்ளன. ஐரோப்பிய ஒன்றியம் 2008ஆம் ஆண்டில் வகுத்த மின்சிக்கன விதி இவ்வழக்கம் பரவுவதற்கு ஒரு முக்கியக் காரணம். இஷாத் தொழுகைக்குப் பின் மிகக் குறைந்த ஓசையில் கிராஅத் கேட்டுக் கொண்டிருக்கையில் பெட்டி திடீரென நின்றுவிடுவதாகச் சிலர் குறைப்படுவதுண்டு. ஓசை மிகக் குறைவாயிருப்பின், ஒலியே வரவில்லை எனப் பெட்டி கருதிவிடுகிறது. இது பழுதன்று. பெட்டியின் ஓசையைக் குறைத்து, பாடும் கருவியின் ஓசையைக் கூட்டி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியா?

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டிகள் மிகுதி. துபாய், குவைத், சிங்கப்பூர், மலேசியா ஆகிய இடங்களிலிருந்து வருபவற்றில் மூன்று சதுர முனைகள் கொண்ட பிளக் இருக்கும். அந்தப் பிளக்கின் உள்ளேயே தனியாக ஒரு ஃபியூஸ் உண்டென்பதைப் பலர் அறிவதில்லை. பெட்டியில் யாதொரு குறையுமின்றி, அச்சிறு ஃபியூஸ் மட்டுமே எரிந்து போயிருக்கக்கூடும்.

இத்தகைய பிளக்கைச் செருகுவதற்காக மலிவான இரண்டு முனை மாற்றியைப் பயன்படுத்தும்போது எர்த் இணைப்பு அறுபட்டுப் போகிறது. பெட்டியின் உலோகப் பகுதியைத் தொடுகையில் ‘சுருக்’கென்று உறைத்தால் உடனே நிறுத்திவிட்டு, எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

மின்னழுத்தத்தையும் கவனியுங்கள். நம் நாட்டில் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100. சஊதி அரேபியாவில் வீடுகளுக்கு நெடுங்காலம் 127 வோல்ட் வழங்கப்பட்டது. படிப்படியாக 230க்கு மாறுவதென 2010ஆம் ஆண்டில்தான் முடிவெடுக்கப்பட்டது. பெட்டியின் பின்புறத்தில் 100-240 என்றிருப்பின் கவலையில்லை. 115, 230 எனத் தேர்ந்தெடுக்கும் விசை இருப்பின், செருகுவதற்கு முன் அது 230இல் இருக்கிறதா எனப் பாருங்கள். 110 அல்லது 120 என்று மட்டுமே இருப்பின், தகுந்த திறனுடைய ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இன்றி அதனைச் செருகவே கூடாது.

தனி அடாப்டரில் இயங்கும் பெட்டியாயின், வீட்டிலுள்ள ஏதோ ஓர் அடாப்டரை மாட்டிவிடாதீர்கள். வோல்ட் அளவு அதுவாகவே இருத்தல் வேண்டும். ஆம்பியர் அளவு அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். முனையின் நேர், எதிர்க் குறிகளும் ஒத்திருத்தல் அவசியம்.

ஃபியூஸ் ஒரு காவலாளி

இவையெல்லாம் சரியாக இருந்தும் விளக்கு எரியவில்லையெனில், மின்கம்பி செருகும் இடத்தையொட்டி ஒரு சிறு மூடியோ இழுப்பறையோ இருக்கிறதா என்று பாருங்கள். பிளக்கைச் சுவரிலிருந்து முற்றிலும் எடுத்த பின்னரே அதனைத் திறக்க வேண்டும். உள்ளே இருக்கும் சிறு கண்ணாடிக் குழாயே ஃபியூஸ். உள்ளிருக்கும் இழை அறுந்தோ கண்ணாடி கறுத்தோ இருந்தால் அது எரிந்துவிட்டதென்று பொருள்.

புதியதை வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதில் பொறித்துள்ள ஆம்பியர் அளவும் எழுத்தும் மாறக்கூடாது. ஆங்கில ‘டி’ எழுத்திருந்தால் அது தாமதித்து உருகும் வகை; ‘எஃப்’ என்றிருந்தால் விரைந்து உருகும் வகை.

புதிய ஃபியூஸும் போட்டவுடன் எரிந்து போனால் மூன்றாவது ஒன்றைப் போடாதீர்கள். உள்ளே எங்கோ மின்கசிவோ குறுக்கிணைப்போ உண்டென்று காவலாளி இருமுறை குரல் கொடுத்துவிட்டான். அவன் வாயைக் கட்டுவதற்கு ஒப்பானது, ஃபியூஸ் இருக்கும் இடத்தில் செப்புக் கம்பியையோ சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளையோ வைப்பது. ஒன்றரை ஆம்பியரில் உருக வேண்டிய இடத்தில் தடித்த கம்பியை வைத்தால், பின்னர் உருகுவது அக்கம்பியன்று. உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரே. மரமும் பஞ்சும் துணியும் கொண்டு செய்யப்பட்ட பெட்டி அது. அதன் அருகில் உறங்குவோர் நம் குழந்தைகள் என்பதை மறந்துவிடலாகாது. பெட்டியைச் செருகியதும் வீட்டின் டிரிப் விசை விழுமாயின், அதற்கும் இதே விதிதான்.

இதற்கு மேல் வேண்டாம்

சுவர், கம்பி, அடாப்டர், ஃபியூஸ் ஆகிய நான்கும் சரியாக இருந்தும் பெட்டி இயங்கவில்லையெனில் உங்கள் பணி அத்தோடு முடிந்தது. பிளக்கை எடுத்துவிட்டோமே, பிரித்தால் என்ன என்று எண்ண வேண்டாம். இன்றைய மின்பகுதிகள் பலவற்றில் 230 வோல்ட் மின்சாரம் ஏறத்தாழ 325 வோல்ட்டாகக் கப்பாசிட்டரில் சேமிக்கப்படுகிறது. பிளக்கை எடுத்த பின்னும் அது அங்கே தங்கியிருக்கக்கூடும். பயின்ற கைகளே அதனைத் தொடலாம்.

பழுது பார்ப்பவரிடம் கொடுக்கும்போது அறிகுறிகளைத் தெளிவாகச் சொல்லுங்கள். வீண் செலவு குறையும். விளக்கு விட்டு விட்டு எரிந்து ‘டிக் டிக்’ என ஓசை வந்ததா? இரைச்சல் கேட்டதா? இரைச்சலாயின், ஒலிக் கம்பியை மட்டும் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் குறை கம்பியில் அல்லது எர்த்தில். நிற்காவிடில் மின்பகுதியின் கப்பாசிட்டர் தளர்ந்திருக்கலாம். அது குறைந்த விலையில் மாற்றக்கூடிய உறுப்பே.

கப்பாசிட்டருக்குப் பகை வெப்பம். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது மின்னணுத் துறையினரின் பொதுக் கணக்கு. ஆகவே பெட்டியைச் சுவரோடு ஒட்டியோ, மூடிய அலமாரியிலோ வைக்காதீர்கள். பின்புறத்தைத் துணியால் மூடாதீர்கள். சதுர அலை இன்வெர்ட்டரில் அது அதிகம் சூடேறினாலோ உறுமினாலோ, மின்சாரம் திரும்பும்வரை நிறுத்தி வையுங்கள். இடி மின்னலின்போது பிளக்கையே எடுத்துவிடுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்க வேண்டும் என்பது நாம் அறிந்த பாடம். சரியான ஃபியூஸும், நல்ல எர்த்தும் இன்றைய இல்லத்தில் நாம் கட்ட வேண்டிய கயிறுகள். அவற்றை இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள். வல்ல அல்லாஹ் நம் இல்லங்களையும் அவற்றில் வாழ்வோரையும் பாதுகாப்பானாக. ஆமீன்.