வால்வும் உருகியும்

தம்பானூர் இரயில் நிலையத்தருகே குழாயைத் திறந்தால் வரும் நீர், கரமனை ஆற்றிலிருந்து, அருவிக்கரை வழியாக வருவதாகும். திருவனந்தபுரத்தின் இக்குடிநீர்த் திட்டம் 1933ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. இத்தகைய திட்டங்களில் பெருங்குழாய்களை மூடித் திறப்பவை வால்வுகள். தடுக்கிதழ் என நூல்கள் கூறினும், தொழிலாளர் நாவில் வழங்குவது வால்வு என்னும் சொல்லே. பெரிய வால்வைக் கைச்சக்கரத்தால் சுழற்றி மூட நெடுநேரம் ஆகும். ஆதலின் பல இடங்களில் அதன்மேல் ஒரு மின்மோட்டாரைப் பொருத்துகின்றனர்.

அம்மோட்டாருக்குரிய பெட்டியைத் திறந்தால் இரு மின்சுற்றுகளைக் காணலாம். ஒன்று மோட்டாரைச் சுழற்றுவது. சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்று கம்பிகளில் பெரும்பாலும் 415 வோல்ட்டு மின்சாரம் அதற்கு வருகிறது. மற்றொன்று 'திற', 'மூடு' என்னும் பொத்தான்களின் கட்டளையைக் கொண்டுசெல்லும் சிறு சுற்று. இதற்கு 24 வோல்ட்டே போதும். பெட்டியைத் தொடுபவரைக் காப்பதற்காகப் பச்சைக் கம்பியொன்று அதனை நிலத்துடன் இணைக்கிறது.

இரு சுற்றுகளுக்கும் தனித்தனி உருகிகள் வேண்டும். ஏன்? மோட்டார் புறப்படும் கணத்தில், ஓடும்போது எடுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை எடுக்கும். விரைவில் உருகும் இழையை அங்கு வைத்தால், பழுது ஏதுமின்றியே அது அடிக்கடி அறுந்துபோகும். சலிப்புற்ற ஒருவர் அவ்விடத்தில் தடித்த செம்புக்கம்பியை முறுக்கி வைத்துவிடுவார். நம் வீடுகளிலும் காணும் வழக்கந்தான் இது! அதன்பின் வால்வில் கல் சிக்கி மோட்டார் திணறினால், உருகவேண்டிய இழை உருகாது. மோட்டாரின் சுருள் எரியும். வால்வு பாதியில் நிற்கும். ஆகவே மோட்டாருக்குச் சற்றுப் பொறுத்து உருகும் வகையும், கட்டளைச் சுற்றுக்கு உடனே உருகும் வகையும் பொருத்துவர். பீங்கான் குழலுக்குள் இழையைச் சுற்றி மணல் நிரப்பியிருப்பார்கள். இழை உருகும்போது எழும் சுடரை அம்மணல் அணைத்துவிடும்.

மூன்று உருகிகளுள் ஒன்று மட்டும் அறுந்தாலும் இடருண்டு. எஞ்சிய இரு கம்பிகளால் மோட்டார் சுழலமாட்டாமல் முனகிச் சூடேறும். இதனை உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்க மிகைச்சுமை ரிலே என்னும் கருவியையும் சேர்க்கின்றனர்.

உருகிகள் சரியாயிருப்பினும் கம்பிகள் இடம்மாறலாகாது. மூன்றனுள் இரண்டு இடம்மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். 'திற' என்றால் மூடும். வால்வு முழுதும் திறந்ததும் மோட்டாரை நிறுத்த எல்லைச் சுவிட்சு ஒன்று உண்டு. வால்வோ எதிர்ப்புறம் செல்வதால் அது தொடப்படுவதே இல்லை. மோட்டார் நில்லாமல் அழுத்தும். வால்வின் தண்டு வளையவும் கூடும்.

அதனால் கம்பியிணைப்பு முடிந்ததும், பணியாளர் கைச்சக்கரத்தால் வால்வை நடுநிலைக்குக் கொணர்வார். 'திற' பொத்தானை ஒரு நொடி அழுத்தித் தண்டு செல்லும் திசையைப் பார்ப்பார். திசை மாறியிருந்தால், மின்சாரத்தை முற்றிலும் நிறுத்திவிட்டு இரு கம்பிகளை மாற்றியிணைப்பார்.